விளையோரச் சருகை நாமே எரிக்கலாமா? மலையோர நிலக்காரர்களிடம் ஒரு கேள்வி

கீரிப்பாறை விளைக்காரன் | ஜனவரி 4, காலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் கீரிப்பாறைக்குப் போகிற பாதையில், காட்டை ஒட்டி எனக்கு மூன்றரை ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்) இருக்கிறது. மேல் எல்லையில் வனத்துறைக் கல், கல்லைத் தாண்டினால் காடு. மார்கழி பாதியிலேயே இலை பழுத்து உதிர ஆரம்பித்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் விளைக்குள் நடந்தால் கணுக்கால் புதையும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மாசியில் நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லையோரத்துச் சருகை வாரிக் குவித்து, சாப்பிட்டு வந்த கையோடு தீ வைத்தேன். மதியம் ஒன்றரை மணி இருக்கும். இரண்டு குடம் தண்ணீர், துணைக்கு ஒரு ஆள். இருபது நிமிஷம் ஒழுங்காக எரிந்தது. அப்புறம் தெற்கிலிருந்து ஒரு காற்று. குவியலின் உச்சியிலிருந்து எரிகிற இலை ஒன்று எழும்பி, பத்தடி தள்ளி விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஓடிப்போய் மிதிப்பதற்குள் ஒரு பாய் அளவுக்கு விரிந்துவிட்டது. பச்சைக் குழையை ஒடித்து அடித்து, சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஓடி வந்து, நாலு மணிக்கு அணைத்தோம். என் மரம் 41 போயிற்று, பக்கத்து விளையில் 17. மேலே ஒரு பாறைச் சரிவு இருந்ததால்தான் காட்டுக்குள் ஏறவில்லை. நஷ்டத்துக்குப் பணம் கொண்டுபோனேன், பக்கத்து விளைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் எல்லாம் நிலக்காரர்களுக்கே வகுப்பு எடுத்து, அவர்களே நாள் பார்த்து, திட்டமிட்டுத் தீ வைக்கிறார்களாம். பெரிய தீ வராமலிருக்க முன்கூட்டியே சின்னத் தீ. நம் மாவட்டத்துக்கு அது பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். இந்த வருஷம் எல்லையை என்ன செய்வது என்று நான் இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அருமனை நர்சரி | ஜனவரி 4, காலை 8.15

அண்ணாச்சி, ரப்பர் விளைக்குள் தீயே கூடாது. திட்டமிட்ட தீயும் கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

ரப்பரின் பட்டை மெல்லிசு. பால் ஓடுகிற குழாய்கள் அந்தப் பட்டைக்குள்தான் இருக்கின்றன. முழங்கால் உயரத் தீ அரை நிமிஷம் தொட்டாலே போதும், உள்ளே பட்டையையும் கட்டையையும் வளர்க்கிற அடுக்கு வெந்துவிடும். மறுநாள் பார்த்தால் மரம் நன்றாகத்தான் நிற்கும். ஒரு வாரத்தில் பட்டை வெடித்துப் பால் தானாக வடியும், பின்னாலேயே துளைக்கிற வண்டு வரும். வெட்டுகிற பக்கம் வெந்திருந்தால் அந்தப் பக்கத்தில் இனி பால் வெட்ட முடியாது. உங்கள் 41 மரமும் இப்படித்தான் போயிருக்கும்.

இன்னொன்று, அந்தச் சருகுதான் உங்கள் விளைக்கு உரம். நம் சரிவு நிலத்தில் கோடை மழையின் முதல் அடியைத் தாங்குவதும் அதுதான். எரித்தால் மண் தோட்டில் (ஓடையில்) போய்ச் சேரும். வாரி எல்லையிலிருந்து உள்ளே தள்ளுங்கள், மரத்தூரை விட்டு விலக்கிப் போடுங்கள். எல்லையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டடி அகலத்துக்கு மண் தெரிய வழித்துவிட்டால் போதும். இளங்கன்று விளை என்றால் இடையில் முக்குனா என்கிற மூடுபயிர்க் கொடி படரவிடுங்கள், கோடையிலும் பச்சையாக நிற்கும். பியுரேரியா கொடி போட்டவர்கள் கவனிக்க வேண்டும். அது வெயிலில் காய்ந்து, தானே எரிபொருளாகிவிடும்.

முன்னாள் வனவர் | ஜனவரி 4, இரவு 9.05

முப்பது வருஷம் வனத்துறையில் இருந்தவன். வெவ்வேறு மாவட்டங்களில் வேலை பார்த்து, கடைசி ஒன்பது வருஷம் நம் மலையில். கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் 2008-ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 402 சதுர கிலோமீட்டர். அதாவது நம் மாவட்டத்துக் காட்டில் பெரும்பகுதி அதற்குள் அடக்கம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி யாரும் தீ வைக்கவோ, மூட்டவோ, எரிய விட்டுவிட்டுப் போகவோ கூடாது என்கிறது. ஆகவே கல்லுக்கு அந்தப் பக்கம் நீங்கள் எந்த நல்ல நோக்கத்தோடும் தீப்பெட்டி எடுக்க முடியாது. கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்து அங்கே ஏறினாலும் பொறுப்பு உங்களுடையதுதான்.

ஆனால் திட்டமிட்ட எரிப்பு நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். தீத்தடுப்புக் கோடு போடுவது அதுதானே. தை மாதத்தில், கோடை இறுகுவதற்கு முன்னால், கோட்டின் இரண்டு ஓரத்தையும் வெட்டி வழித்துவிட்டு, நடுவில் கிடக்கிற புல்லையும் சருகையும் எரிப்போம். அதில் தவறாத முறை ஒன்று உண்டு. சரிவில் எப்போதும் மேலே இருந்து ஆரம்பிக்க வேண்டும், அப்போது தீ கீழ்நோக்கி ஊர்ந்து இறங்கும். கீழே இருந்து வைத்தால் மேல்நோக்கி ஓடும். சுடுகாற்று முன்னால் இருக்கிற புல்லை முதலிலேயே காயவைத்துவிடும், தீ வந்து தொட்டதும் பற்றிக்கொள்ளும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போன பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் போனார்களே, புல் நிறைந்த செங்குத்துச் சரிவில் தீக்கு மேற்புறம் மனிதன் நின்றால் ஓடித் தப்ப நேரம் கிடைக்காது.

எரிக்கத் தகுந்த நாளா என்று பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. கைதான் கருவி. சருகை ஒரு பிடி அள்ளிக் கசக்குவோம். முழுக்க நொறுங்கிப் பொடியானால் அன்றைக்கு வேலை இல்லை, திரும்பிவிடுவோம். மேல் இலை நொறுங்கி, அடி இலை நமுத்த பப்படம் மாதிரி வளைந்தால் அதுதான் சரியான பக்குவம். மேலே உள்ளது எரியும். அடியில் உள்ள ஈரம் மண்ணையும் வேரையும் காப்பாற்றும், தீயும் முழங்காலுக்கு மேல் எழும்பாது. பனி இறங்கிய காலையில் ஏழரைக்கு ஆரம்பித்து, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். நம் மாவட்டத்தில் கடலுக்கும் மலைக்கும் தூரம் குறைவு. முற்பகல் தாண்டினால் கடற்காற்று உள்ளே ஏறும், வெயில் பட்ட சரிவும் காற்றை மேலே இழுக்கும். ஒன்றரை மணிக்குத் தெற்கிலிருந்து வந்த காற்று என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அது ஒன்றும் திடீரென்று வந்தது இல்லை. தினமும் வருகிறதுதான். அந்த நேரத்துக்கு நீங்கள் தீயோடு நின்றீர்கள்.

எரித்து முடித்த பிறகுதான் பாதி வேலை. சாம்பலுக்கு ஒரு சாண் மேலே புறங்கையைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நடப்போம். உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும், அதற்குச் சூடு சீக்கிரம் தெரியாது. பொந்து விழுந்த பழைய கட்டை ஒன்று இருந்தால் மூன்று நாள் கழித்தும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அதைக் கொத்திப் பிளந்து, மண்ணும் தண்ணீரும் கலந்து குழம்பாக்கிவிட்டுத்தான் இறங்குவோம்.

ஆரல்வாய்மொழி ராசா | ஜனவரி 5, காலை 7.10

வனவர் ஐயா சொல்வது மேற்கு மலைக்குச் சரி. எங்கள் பக்கம் வேறு மாதிரி. கணவாயில் ஆடி, ஆவணிக் காற்றில் காற்றாலை சுற்றுவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அந்த மாதங்களில் இங்கே மழை குறைவு, மலை மஞ்சளாகிக் கிடக்கும். முள்ளுக்காடும் புல்லும்தான். புதுப்புல் தளிர்க்கட்டும் என்று மேய்ப்பவர்கள் வைக்கிற தீ உண்டு, பீடித்துண்டு உண்டு. எங்களுக்குத் தீக்காலம் வருஷத்துக்கு இரண்டு தடவை. ஒரே பாடத்தை மாவட்டம் முழுவதும் நடத்தினால் எங்களுக்கு உதவாது.

காணிமகன் | ஜனவரி 5, மதியம் 1.20

பேச்சிப்பாறைக்கு மேலே எங்கள் காணிப் பழங்குடிக் குடியிருப்பு. தீ என்றால் முதல் பேச்சு எங்கள் மேல்தான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பாட்டா காலத்தில் கிழங்கும் மலைநெல்லும் போட இடம் வெட்டி எரிப்பார்கள். வெட்டிப் போட்டதைச் சுற்றி ஆள் நடக்கிற அகலத்துக்குப் பெருக்கி விடுவார்கள். பெருக்காமல் தீ வைத்தவனை ஊர்த்தலைவரான மூட்டுக்காணி முன்னால் நிறுத்திக் கேட்பார்கள். எந்த மலை எரியும், எந்த மலை எரியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஈரக்காட்டுக்குள் தீ கொண்டுபோகவே மாட்டார்கள். இப்போது நாங்களும் ரப்பரும் மிளகும்தான் வைத்திருக்கிறோம், தீயில் எங்களுக்கும் அதே நஷ்டம்தான்.

கர்நாடகத்தில் பிளிகிரிரங்கன் மலையில் வாழ்கிற சோளகர் பழங்குடியினர் விஷயம் தெரியுமா? ‘தரகு பெங்கி’ என்பார்கள், சருகுத் தீ என்று அர்த்தம். கோடை தொடங்கும்போதே அடிச்சருகை மட்டும் எரிய விடுவார்கள். 1974-ல் சரணாலயமாக்கித் தீயை நிறுத்திய பிறகு உன்னிச்செடி காட்டையே மூடிவிட்டது, நெல்லி மரத்தில் புல்லுருவி பெருகிவிட்டது என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களும் அவர்களோடு உட்கார்ந்து அதை எழுதியிருக்கிறார்கள். கேரளத்து இரவிகுளத்தில் வரையாடு மேய்கிற புல்வெளியைப் பகுதி பகுதியாக எரிப்பதில் முதுவர் பழங்குடியினர் வேலை செய்கிறார்கள். தீயோடு வாழ்ந்தவனைக் கேட்டுத் திட்டம் போட்ட இடங்கள் இவை.

இங்கே எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். இரண்டு மணி நேரம் ‘தீ வைக்காதே’ என்று மட்டும் சொன்னார்கள். கடைசியில் எங்கள் மாமா எழுந்து, “தீ வந்தால் எந்தப் பக்கம் நிற்கணும், அதைச் சொல்லுங்க சாரே” என்று கேட்டார். பதில் இல்லை.

தடிக்காரன்கோணம் டீச்சர் | ஜனவரி 5, மதியம் 1.55

காணிமகன், உங்கள் மாமா கேட்டதுதான் கேள்வி. அந்த வகுப்பை அந்தக் கேள்வியில் இருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

ஃப்ளோரிடாவில் மார்த்தாண்டத்துக்காரி | ஜனவரி 5, இரவு 10.30

இங்கே காட்டியல் படிக்கிறேன். அண்ணாச்சி கேட்ட ‘வெளிநாட்டு முறை’ எப்படி என்று பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த மாநிலத்தில் 1990-லேயே திட்டமிட்ட எரிப்புக்கென்று சட்டம் வந்துவிட்டது. பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கிய நிலக்காரர், எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். அன்றன்றைக்கு வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். இப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் ஏக்கர் எரிக்கிறார்கள். நான் உதவிக்குப் போன ஒரு எரிப்பில், தீ வைக்கும் நேரத்தைவிடக் காத்திருந்த நேரம்தான் அதிகம். காற்றின் ஈரப்பதம் 30-லிருந்து 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், காற்று ஒரே திசையில் நிலையாக வீச வேண்டும், புகை சாலைப் பக்கம் போகக்கூடாது. மூன்று நாள் திரும்பி வந்தோம், நாலாவது நாள் எரித்தோம். முதலில் ஓர் ஓரத்தில் சின்னதாக வைத்துப் பார்த்து, புகை போகிற திசையையும் தீயின் உயரத்தையும் கவனித்த பிறகுதான் மீதியை வைத்தார்கள்.

ஆனால் இது செல்லுபடியாவது இங்குள்ள நீண்ட ஊசியிலைப் பைன் காட்டுக்கு. மின்னல் தீயோடு பல்லாயிரம் வருஷம் வளர்ந்த மரம் அது. கன்றுப் பருவத்தில் புல் குத்து மாதிரி தரையோடு நின்று, தன் மொட்டை ஊசியிலைக்குள் பொத்தி வைத்துக்கொள்ளும், தீ மேலே கடந்து போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எரியாவிட்டால் அந்தக் காடே மாறிவிடும். நம் ஊர் ரப்பரையோ, மாறாமலைக் கிராம்பையோ, கோதையாற்றுப் பசுமைமாறாக் காட்டையோ அதோடு ஒப்பிட முடியாது. இங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தீயை இல்லை, பயிற்சி முறையை. எப்போது எரிக்கக்கூடாது என்பதைத்தான் வகுப்பில் பாதி நேரம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வடக்கு ஆஸ்திரேலியாவில் இன்னொரு அனுபவம் இருக்கிறது. அங்கே பழங்குடி மக்கள் வறட்சியின் தொடக்கத்திலேயே குளிர்ந்த தீயாகத் துண்டு துண்டாக எரிக்கிறார்கள். கடைசியில் வருகிற பெருந்தீ குறைகிறது, அதனால் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் குறைவாக வெளியேறுகின்றன. அந்தக் குறைவைக் கணக்கிட்டு அவர்களுக்குக் கார்பன் வருமானமும் வருகிறது. அதுவும் புல்வெளிக் காட்டுக்குத்தான்.

தடிக்காரன்கோணம் டீச்சர் | ஜனவரி 6, காலை 6.20

காலநிலை பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. பள்ளியில் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது இரண்டு ஈரத்துணி. ஒன்றை நிழலில், இன்னொன்றை அடுப்படிச் சூட்டில் காயப்போடுவோம். சூடான காற்று அதிக ஈரத்தை உறிஞ்சும், ஒரு டிகிரி கூடினால் காற்று பிடித்து வைக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. ஈரம் கிடைக்காவிட்டால் அந்தக் காற்று இலையிடமிருந்தும் மண்ணிடமிருந்தும் பிடுங்கிக்கொள்ளும். மழை அளவு மாறாமலே இருந்தாலும் சருகு சீக்கிரம் காய்ந்துவிடும். நமக்கு இரண்டு பருவமழை என்று பெருமைப்படுகிறோம், ஆனால் மார்கழிக்கும் கோடை மழைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் ரப்பர் இலையும் உதிர்கிறது.

வனவர் ஐயா சொன்ன பக்குவம், அந்த நமுத்த பப்படப் பக்குவம், சூடு கூடக்கூட குறைந்த நாள்களுக்குத்தான் கிடைக்கும். பஞ்சாங்கத்தைப் பார்த்து ‘தை மாதம் கோடு போடுவோம்’ என்று இருக்க முடியாது, சருகைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்ததே, எத்தனை மரம் முறிந்து காட்டிலும் விளையிலும் கிடந்தது! அப்படி ஒரு புயலுக்குப் பிறகு வருகிற கோடையில் விழுந்த மரமெல்லாம் விறகு. அதை எப்போது, எப்படி அப்புறப்படுத்துவது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும்.

இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துத் தீ எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். நான் செய்திருக்கிறேன். ஆனால் அதையே நம்பி உட்காரக்கூடாது. அந்தக் கோள்கள் நம் தலைக்கு மேலே நாளுக்குச் சில தடவைதான் கடக்கும். ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம், பழைய கருவியில் ஒரு கிலோமீட்டர். மரத்தடியில் ஊர்கிற சருகுத் தீ கோள் கண்ணில் படாமல் போகலாம். பக்கத்து விளைக்காரரின் போன் எண்தான் வேகமான எச்சரிக்கை.

அருமனை நர்சரி | ஜனவரி 6, காலை 9.40

எல்லாரும் மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு பயம். ‘காட்டுக்குத் தீ நல்லது’ என்று இந்த இழையின் பாதியை மட்டும் எடுத்து யாராவது பரப்பினால் என்ன ஆகும்? சோளகர் கதையைப் படித்துவிட்டு நம் காளிகேசம் காட்டில் ஒருவன் தீப்பெட்டி எடுத்தால்?

முன்னாள் வனவர் | ஜனவரி 6, மதியம் 12.30

பயம் நியாயம் தம்பி. ஆனால் பாதியைச் சொல்லாமல் மறைத்தால் பயம் போகாது.

வெள்ளைக்காரன் காலத்தில் 1860-களில் இருந்து காட்டில் தீயே கூடாது என்று இந்தியா முழுவதும் கொள்கையாக வைத்தார்கள். பர்மாவில் தீயை அடக்கி வைத்த தேக்குக் காட்டில் தேக்குக் கன்று முளைக்கவில்லை, மூங்கிலும் ஈரமரங்களும் அமுக்கிவிட்டன. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அந்தக் கொள்கையை அங்கே கைவிட்டார்கள். எங்கள் பயிற்சியிலேயே இதைப் படித்திருக்கிறோம். ஆக, ஒரே விடையை எல்லாக் காட்டுக்கும் வைத்தது அன்றைக்கே தோற்றுவிட்டது.

நம் மாவட்டத்தில் அரை நாள் நடையில் முள்ளுக்காடு, இலையுதிர்காடு, பசுமைமாறாக் காடு, மேலே முத்துக்குளிவயலில் புல்வெளியும் சோலையும். பசுமைமாறாக் காட்டு மரத்துக்குத் தீயைத் தாங்கத் தெரியாது. ஒருமுறை எரிந்தால் மேற்கூரை திறந்து வெயில் இறங்கும், கம்யூனிஸ்டுப் பச்சை என்கிற களைச்செடியும் புல்லும் ஏறும், அடுத்த கோடையில் அதே இடம் லேசாகப் பற்றும். இலையுதிர்காட்டிலும் புல்வெளியிலும் பேச இடமிருக்கிறது. அதைப் பேச வேண்டியவர்கள் வனத்துறையும், அந்த மலையில் வாழ்கிறவர்களும், ஆராய்ச்சிக்காரர்களும் சேர்ந்து. தனியார் நிலக்காரருக்கு என் பதில் ஒன்றுதான், வழிப்பது. எரிக்க வேண்டாம்.

கீரிப்பாறை விளைக்காரன் | ஜனவரி 7, இரவு 8.50

எல்லார் பதிலையும் இரண்டு தடவை படித்தேன். எனக்கு விடை கிடைத்துவிட்டது. எரிக்கப்போவதில்லை.

இன்றைக்குக் காலை ஆறரைக்கு மேல் எல்லைக்குப் போனேன். ஒரு பிடி சருகு அள்ளிக் கசக்கினேன். மேல் இலை நொறுங்கியது, அடியில் இருந்தது இன்னும் நமுத்துத்தான் இருக்கிறது. அப்புறம் பத்து நாளைக்குள் வழித்து முடிக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பக்கத்து விளைக்காரர் வீட்டுக்குப் போனேன். இரண்டு விளைக்கும் சேர்த்து ஒரே கோடாகப் பன்னிரண்டடி வழிப்போம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆளுக்கு நான் சொல்றேன், மம்பட்டி ஓங்கிட்ட எத்தன இருக்கு?” என்று கேட்டார். எரிந்துபோன 17 மரம் நின்ற இடத்தில் அவர் இன்னும் கன்று வைக்கவில்லை. அந்த வரிசையில் வருகிற மழைக்கு நான் கன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு மட்டும் இந்தத் தடவை தலையாட்டினார்.

வருகிற ஞாயிறு, ஜனவரி 12, காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கிறோம். வனவர் ஐயா, உங்களால் மலை ஏற முடியுமானால் வந்து, தீ வந்தால் எந்தப் பக்கம் நிற்பது என்பதை மட்டும் அங்கே தரையில் நின்று காட்டித் தர வேண்டும். காணிமகன், உங்கள் மாமாவையும் கூட்டி வாருங்கள். டீச்சர், அந்தக் குறுஞ்செய்திக்கு எப்படிப் பதிவது என்று எங்கள் எட்டு வீட்டுக்கும் சொல்லித் தர வேண்டும். ரேஞ்சு அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன், வரும் வருஷம் இலை உதிரும் முன்னால், கார்த்திகையிலேயே, விளைக்காரர்களுக்கும் குடியிருப்புக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு நாள் வகுப்பு கேட்டு. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அன்றைக்கே போடலாம்.

முன்னாள் வனவர் | ஜனவரி 7, இரவு 9.15

முழங்கால் சொன்னபடி கேட்டால் வருகிறேன். எல்லாரும் பருத்திச் சட்டை போட்டு வாருங்கள், நைலான் வேண்டாம்.

காணிமகன் | ஜனவரி 7, இரவு 9.40

மாமா வருகிறார். பழைய பெருக்குக் கம்பு இரண்டு அவரிடம் இருக்கிறதாம், அதையும் கொண்டு வருவார்.